கையொப்ப மென்பொருள் வாங்குமுன்: வன்னியில் தொழில் செய்பவர்களுக்கு ஒரு தொடக்க விளக்கம்

பரந்தனில் அரிசி ஆலை வைத்திருக்கும் ஒருவர் கொழும்பு மொத்த வியாபாரி ஒருவரோடு விநியோக ஒப்பந்தம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மின்னஞ்சலில் வந்த ஒப்பந்தத்தைச் சந்தியிலுள்ள கொமினிகேசனில் பிறின்ட் எடுப்பார். ஒப்பமிட்டு, றப்பர் முத்திரை குத்தி, போனில் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புவார். மூலப்பிரதியை இரவு பஸ்ஸில் கொடுத்துவிடுவார். அங்கே அவர்கள் ஒப்பமிட்ட பிரதி திரும்பி வர இன்னும் ஒரு கிழமையாவது போகும். இதற்கிடையில் விலை பற்றிய ஒரு வரி மாறியிருந்தால், எது கடைசிப் பிரதி என்று இரண்டு பக்கத்தாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இந்த அலைச்சலைக் குறைப்பதாகச் சொல்லித்தான் இலத்திரனியல் கையொப்ப மென்பொருட்களை விற்கிறார்கள். விளம்பரங்கள் எல்லாம் வேகத்தைப் பற்றியே பேசும். வேகம் நல்லதுதான், ஆனால் வேகம் மட்டும் போதுமென்றால் வட்ஸ்அப்பே போதும். நீங்கள் காசு கொடுத்து வாங்குவது சாட்சியத்தை. ஒப்பமிட்டவர் ஒரு நாள் "இது நான் போட்டதில்லை" என்றோ, "நான் ஒப்பமிட்டபோது இந்த வரி இருக்கவில்லை" என்றோ சொன்னால், உங்கள் கையில் என்ன இருக்கும்? எந்த மென்பொருளைப் பார்க்கும்போதும் இந்தக் கேள்வியை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

கையொப்பம் என்று மூன்றைச் சொல்கிறோம்

முதலாவது, வெறும் படம். தாளில் போட்ட கையொப்பத்தைப் படம் பிடித்து ஒப்பந்தத்தின் அடியில் ஒட்டுவது. ஊரில் பல அலுவலகங்களில் முதலாளியின் கையொப்பப் படம் எழுதுவினைஞரின் கணினியிலேயே கிடக்கும். அதை யாரும் எதிலும் ஒட்டலாம் என்பதால் சாட்சியமாக அதற்கு வலு மிகக் குறைவு.

இரண்டாவது, பதிவோடு கூடிய இலத்திரனியல் கையொப்பம். மென்பொருள் உங்களுக்கு ஓர் இணைப்பை அனுப்பும். அதைத் திறந்து வாசித்து, பெயரைத் தட்டச்சு செய்வீர்கள் அல்லது விரலால் கீறுவீர்கள். எந்த மின்னஞ்சலுக்கு இணைப்புப் போனது, எத்தனை மணிக்குத் திறக்கப்பட்டது, எந்த ஐபி முகவரியிலிருந்து (இணைய இணைப்பின் இலக்கம்) ஒப்பம் வந்தது, தொலைபேசிக்கு அனுப்பிய ஒருமுறைக் குறியீடு சரியாக இடப்பட்டதா என்பதையெல்லாம் மென்பொருள் குறித்துவைக்கும். கடைசியில் இந்தப் பதிவு ஒரு பக்கமாகக் கோப்போடு வரும். விரலால் கீறிய கோடு கோணலாக இருக்கிறதே என்று பலர் வெட்கப்படுவார்கள். அந்தக் கோட்டுக்குப் பெரிய மதிப்பு இல்லை. மதிப்பு அந்தப் பதிவுக்குத்தான்.

மூன்றாவது, டிஜிட்டல் கையொப்பம். இதற்குள் கணிதம் இருக்கிறது. கோப்பை எஸ்எச்ஏ-256 போன்ற ஒரு கணிப்புக்குள் செலுத்தினால், கோப்பு ஒரு பக்கமானாலும் நூறு பக்கமானாலும், 64 எழுத்து நீளமான ஒரு குறி வரும். கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினாலும் வேறு குறிதான் வரும். அந்தக் குறியை ஒப்பமிடுபவரின் இரகசியச் சாவியால், அதாவது அவரிடம் மட்டும் இருக்கும் ஒரு நீண்ட எண்ணால், பூட்டிக் கோப்போடு சேர்த்துவிடுவார்கள். அதற்குச் சோடியான அவருடைய பொதுச் சாவியை வைத்திருக்கும் எவரும் அதைச் சரிபார்க்கலாம். இரகசியச் சாவி, பொதுச் சாவி என்ற இந்த இரட்டை ஏற்பாட்டை 1976இல் டிஃபியும் ஹெல்மனும் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்ற மூவர் அதை நடைமுறைக்கு ஏற்ற முறையாக்கினார்கள். நெல் மூட்டையின் வாயைத் தைத்து முத்திரை வைப்பது போன்றது இது: யாராவது பிரித்துப் பார்த்திருந்தால் தையல் காட்டிக்கொடுத்துவிடும்.

இங்கே விற்பனையாளர்கள் அதிகம் விளக்காத ஒரு விடயம் இருக்கிறது. சந்தையிலுள்ள பெரும்பாலான சேவைகளின் சாதாரணத் திட்டங்களில், கோப்பைப் பூட்டுவது உங்கள் சாவியும் அல்ல, எதிர்த்தரப்பின் சாவியும் அல்ல. சேவையை நடத்தும் நிறுவனம் தன் சொந்தச் சாவியால் பூட்டுகிறது. ஆகவே அந்தப் பூட்டு, கோப்பு பிறகு மாறவில்லை என்பதை மட்டுமே உறுதியாகச் சொல்லும். ஒப்பமிட்டவர் யார் என்பதற்குப் பதிவுப் பக்கத்தைத்தான் நம்ப வேண்டும். அந்தப் பதிவின் பலமோ, மின்னஞ்சலும் தொலைபேசி இலக்கமும் உண்மையில் யாருடையவை என்பதில் தங்கியிருக்கிறது. வன்னியில் சிக்கல் வருவதும் அங்கேதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

சட்டம் எதை ஏற்கிறது, எதை ஏற்காது

இலங்கையில் இதற்கான சட்டம் புதியதல்ல. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இருக்கிறது. 2017இல் 25ஆம் இலக்கச் சட்டத்தால் அது திருத்தப்பட்டது. மின்வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஆவணத்தையோ கையொப்பத்தையோ தள்ளிவிட முடியாது என்பதே அதன் அடிப்படை. ஒப்பமிட்டவர் யார், அவர் அதை ஒப்புக்கொண்டாரா என்பதைக் காட்டும் முறை, காரியத்துக்கு ஏற்ற அளவு நம்பகமாக இருக்க வேண்டும். "காரியத்துக்கு ஏற்ற அளவு" என்பதைக் கவனியுங்கள். இருபதாயிரம் ரூபாய்ப் பொருள் வாங்கலுக்கும் இரண்டு கோடி ரூபாய் ஒப்பந்தத்துக்கும் ஒரே அளவு பாதுகாப்பு வேண்டியதில்லை.

ஆனால் அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு சிலவற்றை வெளியே வைக்கிறது. மரணசாதனம், அற்றோர்ணித் தத்துவம், மாற்றுண்டியல், நம்பிக்கைப் பொறுப்பு, அசைவற்ற ஆதனத்தின் விற்பனையும் உரிமை மாற்றமும் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. காசோலையும் ஒருவகை மாற்றுண்டியல் என்பதால் அதுவும் தாளில்தான்.

வன்னிக்காரர் இந்தப் பட்டியலை இரண்டு தரம் வாசிக்க வேண்டும். இங்கே தொழில் நடக்கும் காணிகள் பல வெளிநாட்டிலுள்ள தமையனுடையவை, சித்தப்பாவினுடையவை. ரொறொன்ரோவில் இருக்கும் அண்ணை, "தம்பி, லிங்கை அனுப்பு, இப்பவே சைன் பண்ணிவிடுறன்" என்று நல்ல மனதோடுதான் சொல்வார். காணியைப் பராமரிக்க, விற்க, வழக்காட அதிகாரம் கொடுக்கும் அற்றோர்ணித் தத்துவத்தை எந்த விலையுயர்ந்த மென்பொருளாலும் அப்படி எழுத முடியாது. அவர் தாளில்தான் ஒப்பமிட வேண்டும், அதுவும் உரிய முறையில் அத்தாட்சிப்படுத்தப்பட்டு. ஒன்ராறியோவில் 2000ஆம் ஆண்டிலிருந்தே இலத்திரனியல் வணிகச் சட்டம் இருக்கிறதே என்று அவர் கேட்கலாம். காணி கிடப்பது முறிகண்டியில். அதற்கு இங்கத்தைய சட்டம்.

கடை வாடகையும் இதே வழிதான். 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் உள்ளது. காணி, கட்டடம் சார்ந்த விற்பனை, ஈடு, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எல்லாம் நொத்தாரிசு ஒருவர் முன்னும் இரண்டு சாட்சிகள் முன்னும் ஒப்பமிடப்பட வேண்டும் என்கிறது அது. ஏ9 வீதியில் கடை ஒன்றை மூன்று வருடக் குத்தகைக்கு எடுக்கிறீர்கள் என்றால் நொத்தாரிசிடம் போங்கள். மென்பொருளில் போட்ட குத்தகையை நம்பி உள்ளே கூரை வேலை செய்து முடித்த பிறகு உரிமையாளர் மனம் மாறினால், உங்கள் பக்கம் மிகவும் பலவீனமாக இருக்கும்.

இவற்றைத் தள்ளிவிட்டால் மீதி எல்லாம் திறந்த வெளி. விலைக்கோரல், கொள்வனவுக் கட்டளை, விநியோக ஒப்பந்தம், வேலை நியமனக் கடிதம், இரகசியம் காக்கும் உடன்படிக்கை, பொருள் ஒப்படைப்புச் சீட்டு, துணை ஒப்பந்தக்காரரின் வேலைப் பட்டியல், கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ இருந்து வெளிநாட்டுக்கு மென்பொருள் எழுதிக்கொடுக்கும் சிறு நிறுவனத்தின் சேவை ஒப்பந்தம். அரச திணைக்களத்துக்கும் வங்கிக்கும் போகும் படிவங்களை மட்டும் அனுப்புமுன் அந்தந்த மேசையில் கேட்டுவிடுங்கள். சட்டம் தடுக்காவிட்டாலும், அங்கே இருப்பவர் நீல மை கேட்டால் நீல மைதான்.

ஆகவே முதல் வேலை மென்பொருள் தேடுவது அல்ல. போன வருடத்துக் கோப்புறையை எடுத்து, ஒப்பமிட்ட தாள்களை மூன்று குவியலாகப் பிரியுங்கள்: தாளிலேயே இருக்க வேண்டியவை, சாதாரணமாக மின்வழி போகக்கூடியவை, மின்வழி போகலாம் ஆனால் பிணக்கு வந்தால் பெரிய இழப்பு வரக்கூடியவை. இரண்டாவது குவியல் மாதத்துக்கு நாலைந்துதான் என்றால், காசு கட்டி எதையும் வாங்காமலே சில சேவைகளின் இலவசத் திட்டத்தில் காலம் தள்ளலாம். மூன்றாவது குவியல் பெரிதென்றால் மட்டும் கூடிய விலைத் திட்டங்களைப் பாருங்கள்.

ஒப்பமிடுபவர் யார் என்பதை எப்படிக் காட்டுவது

மேலே விட்டுவந்த சிக்கலுக்கு வருகிறேன். பெரும்பாலான சேவைகள் மின்னஞ்சலை ஒருவரின் அடையாளமாக எடுத்துக்கொள்கின்றன. மல்லாவியில் பால் சேகரிப்பவருக்கும், பூநகரியில் நண்டு வாங்கித் தருபவருக்கும் மின்னஞ்சல் இருக்கிறதா? இருக்கும். ஆனால் அதை உருவாக்கியது கொமினிகேசனில் வேலை செய்யும் பிள்ளை. கடவுச்சொல் அங்கே ஒரு கொப்பியில் எழுதியிருக்கும். அந்த முகவரிக்கு இணைப்பை அனுப்பி ஒப்பம் வாங்கினால், பதிவுப் பக்கம் எல்லாம் சரியாகக் காட்டும். ஒப்பமிட்டது அவர்தானா என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீடு இதைவிட நல்லது. ஆனாலும் சிம் அட்டை மகனின் அடையாள அட்டையில் எடுத்ததாக இருக்கலாம், கணவனின் பெயரில் இருக்கலாம். இதற்குப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. ஒப்பந்தத்தின் உள்ளேயே ஒரு வாசகம் சேருங்கள்: இந்தத் தரப்பு இந்தத் தொலைபேசி இலக்கத்தையும் இந்த மின்னஞ்சலையும் தானே பயன்படுத்துகிறார், இவற்றின் வழியாகத் தரப்படும் ஒப்புதல் தன்னைக் கட்டுப்படுத்தும் என்பதை ஏற்கிறார். முதல் தடவை வியாபாரம் செய்பவரிடம் அடையாள அட்டையின் படத்தை ஒப்பமிடும் நேரத்திலேயே பதிவேற்றச் சொல்லும் வசதி சில மென்பொருட்களில் இருக்கிறது. என் எண்ணத்தில், இந்தப் பகுதியில் வேறு எந்த அலங்கார வசதியையும்விட இதுவே பயன் தரும்.

அடையாள அட்டை என்றதும் இன்னொன்று. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், புதியதில் பன்னிரண்டு இலக்கம். படிவத்தில் "எண் மட்டும்" என்று கட்டம் போட்டால் பழைய அட்டைக்காரர் அங்கேயே நின்றுவிடுவார். பெயர்க் கட்டமும் அப்படித்தான். முதற்பெயர், குடும்பப் பெயர் என்று வெளிநாட்டு மென்பொருள் பிரித்துக் கேட்கும். நமக்கோ தகப்பன் பெயரின் முதலெழுத்தும் சொந்தப் பெயரும். அடையாள அட்டையில் உள்ள முழுப்பெயரை ஒரே கட்டத்தில் எழுதவிடும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். வங்கியிலும் நீதிமன்றத்திலும் பார்க்கப்படுவது அந்தப் பெயர்தான்.

எழுதப் படிக்கச் சிரமப்படும் முதியவர்கள் பெருவிரல் அடையாளம் வைக்கும் இடங்களுக்கு இந்த மென்பொருளைக் கொண்டுபோகாதீர்கள். பேரன் கையில் போனைப் பிடித்து "இதில அமத்துங்கோ அம்மம்மா" என்று வாங்கும் ஒப்பம், சட்டத்துக்கு முன் நியாயத்திலேயே தவறு. அங்கே தாளும், வாசித்துச் சொல்ல ஒருவரும், சாட்சிகளும் வேண்டும்.

மென்பொருளைப் பார்க்கும்போது

உலகச் சந்தையில் பழைய பெயர் டொக்குசைன், 2003இல் தொடங்கியது. எக்கோசைன் என்ற சேவையை 2011இல் வாங்கிய அடோபி அதை இன்று அக்ரோபேட் சைன் என்று நடத்துகிறது. ஹலோசைன் 2019இல் டிரொப்பொக்ஸிடம் போய்ப் பெயர் மாறியது. சென்னையில் பிறந்த சோகோவுக்கு சோகோ சைன் உண்டு. சொந்தச் சேவரில் வைத்து நடத்த விரும்புபவருக்கு டொக்குசீல், டொக்குமென்சோ போன்ற திறந்த மூல மென்பொருட்கள் (நிரல் எல்லாருக்கும் திறந்திருப்பவை) இருக்கின்றன; பராமரிக்கத் தெரிந்த பொடியன் ஒருவன் நிரந்தரமாக இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள். உள்ளூரில், வங்கிகளுக்கிடையிலான காசோலைத் தீர்ப்பனவை நடத்தும் லங்காபே நிறுவனத்தின் லங்காசைன் டிஜிட்டல் சான்றிதழ் தருகிறது. இது ஒப்பமிடுபவருக்கே உரிய சாவி என்பதால் மூன்றாவது குவியலுக்கு, அதிலும் வங்கி, பெரிய கொழும்பு நிறுவனங்களோடு செய்யும் ஒப்பந்தங்களுக்கு, விசாரிக்க வேண்டிய இடம். ஐரோப்பாவுக்கு நண்டோ கடலட்டையோ ஏற்றுபவரிடம் வாங்குபவர் எந்த நிலைக் கையொப்பம் வேண்டுமென்று கேட்கக்கூடும்: அங்கே 2014ஆம் ஆண்டின் 910ஆம் இலக்க ஒழுங்குவிதி கையொப்பங்களை மூன்று நிலையாகப் பிரிக்கிறது, அதில் உச்ச நிலைக்கு மட்டுமே கையால் போட்டதற்குச் சமமான மதிப்பு தானாகவே கிடைக்கும்.

விலையைப் பார்க்கும்போது ஆளுக்கு எவ்வளவு, ஆவணத்துக்கு எவ்வளவு என்று இரண்டையும் பாருங்கள். ஒப்பம் கேட்டு அனுப்புபவருக்குத்தான் கணக்கு வேண்டும். ஒப்பமிடுபவருக்குப் பொதுவாக எதுவும் வேண்டியதில்லை. ஆகவே பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் பத்துக் கணக்கு வாங்காதீர்கள், அனுப்பும் ஒருவருக்கு ஒன்று போதும். வெளிநாட்டுச் சேவைகளின் கட்டணம் பெரும்பாலும் டொலரில் அறவிடப்படும், ரூபாயின் ஏற்ற இறக்கம் உங்கள் தலையில். எஸ்எம்எஸ் குறியீட்டுக்குச் சில சேவைகள் தனியாக அறவிடும். வருடத்துக்குக் கட்டினால் மலிவு என்று ஆசைகாட்டுவார்கள்; முதலில் மாதக் கட்டணத்திலேயே இருங்கள்.

தமிழைச் சோதிக்காமல் எதையும் வாங்காதீர்கள். எங்கள் பக்கத்தில் இன்னும் ஏராளமான கடிதங்கள் பாமினி எழுத்துருவில் அடிக்கப்படுகின்றன. பாமினி உள்ளே ஆங்கில எழுத்துக் குறியீடுகள்தான். எழுத்துரு கோப்போடு பதியப்படாவிட்டால் மற்றவரின் போனில் கிறுக்கலாகத் தெரியும். வாசிக்க முடியாத ஒன்றுக்கு ஒப்பமிட்டேன் என்று ஒருவர் பிறகு சொன்னால் அவரில் பிழை காண முடியாது. ஒப்பந்தத்தை உலகப் பொதுக் குறியீடான யூனிகோட்டுக்கு மாற்றி, பிடிஎஃப் ஆக்கி, பிறகு ஏற்றுங்கள். அதன்பின் கட்டங்களில் தமிழில் தட்டச்சு செய்து பாருங்கள். கோப்பு சரியாகத் தெரிந்தாலும், நிரப்பிய பெயரில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று கிடப்பது உண்டு.

சோதனையை அலுவலகத்துக் கணினியில் செய்யாமல், விலை குறைந்த போன் ஒன்றில், டேட்டாவில், சிக்னல் சுமாரான இடத்தில் செய்யுங்கள். துணுக்காயிலிருந்து ஒப்பமிட வேண்டியவர் அப்படித்தான் திறப்பார். செயலி தரவிறக்கச் சொல்கிறதா, கணக்குத் திறக்கச் சொல்கிறதா, பாதியில் இணைப்பு அறுந்தால் தொடக்கத்திலிருந்து வரச் சொல்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒப்பமிட்ட கோப்பைத் தரவிறக்கி, இலவசமாகக் கிடைக்கும் அக்ரோபேட் ரீடரில் திறவுங்கள். கையொப்பப் பலகை, கோப்பு மாறவில்லை என்று சொல்ல வேண்டும். கோப்பில் வேண்டுமென்றே ஓர் எழுத்தை மாற்றிச் சேமித்து மறுபடி திறந்தால் அது மாற்றத்தைக் காட்டிக்கொடுக்க வேண்டும். கையொப்பம் எதுவும் இல்லை என்று வந்தால், அந்தச் சேவை கோப்பைப் பூட்டவில்லை; பதிவுப் பக்கமும் இல்லையென்றால் அது விற்பது முதலாவது வகையை, அதாவது படத்தை.

அதே கோப்பைப் பிறின்ட் எடுத்துப் பாருங்கள். தாளில் பூட்டும் இல்லை, சரிபார்ப்பும் இல்லை. பல அலுவலகங்களில் மின்வழி ஒப்பம் வாங்கி, அதைப் பிறின்ட் எடுத்துக் கோப்புறையில் குத்தி, மின்கோப்பை அழித்துவிடுகிறார்கள். இங்கே மூலப்பிரதி என்பது அந்த மின்கோப்புதான். வட்ஸ்அப்பில் அனுப்பும்போதும் திரைப்பிடிப்பாக அனுப்பாமல் கோப்பாகவே அனுப்புங்கள்.

ஆவணங்கள் எங்கே சேமிக்கப்படுகின்றன, சந்தாவை நிறுத்தினால் பழையவை என்னவாகும் என்பதையும் வாங்குமுன் கேளுங்கள். ஊழியர்களின் அடையாள அட்டைப் படங்களும் சம்பள விபரங்களும் அங்கே போய்ச் சேர்கின்றன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இப்படித் தரவு சேர்ப்பவருக்கான பொறுப்புகளை வகுத்திருக்கிறது. எதையும் விலக்கிக்கொள்ளவோ மொத்தமாகத் தரவிறக்கவோ வழியில்லாத சேவையை விட்டுவிடுங்கள்.

தொடங்குவதானால் உள்ளுக்குள்ளேயே தொடங்குங்கள்: ஊழியரின் விடுமுறை விண்ணப்பம், பொருட்கள் ஒப்படைத்த சீட்டு. அதில் கை பழகிய பிறகு, நீண்ட நாள் தெரிந்த ஒரு வாடிக்கையாளரின் விலைக்கோரலுக்கு அனுப்பிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒப்பமிட்ட கோப்பையும் பதிவுப் பக்கத்தையும் ஒன்றாக, திகதியும் தரப்பின் பெயரும் கோப்புப் பெயரில் வரும்படி, உங்கள் சொந்த வன்தட்டிலும் வேறோர் இடத்திலும் சேமியுங்கள். கணக்கின் கடவுச்சொல்லை முதலாளியும் இன்னொருவரும் மட்டும் வைத்திருங்கள். அந்த இன்னொருவர் வேலையை விட்டுப் போகும் அன்றே அதை மாற்றிவிடுங்கள்.